உளியும் பெருவெளியும்

அறிவுக்கெட்டாத பெருவெளியைக் கலையால் உணர்த்தல் கூடுமோ என்னும் வினாவுக்குச் சோழநாட்டார் மூவகையான் விடை கண்டனர்.

முதலாவது, நாகைக் காரோணத்தில். அஃது ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. டங்கமாவது உளி, உளியாற் செதுக்கப்படாதது விடங்கம். ஆண்டெழுந்தருளிய சுந்தரவிடங்கப் பெருமானுக்குரியது பாராவாரதரங்க நடனம். கடலலை போலும் ஆடல் என்பது அதன் பொருள். மறுகரை காணாக் கடலருகே உளி அடங்கி நிற்றல் பொருத்தமுடைத்து.

இரண்டாவது, வடக்கே தில்லையில். ஆங்கு ஆகாயமே இலிங்கம். திரையை நீக்கின், பொன்வில்வ மாலை தூங்கும் வெளியே காட்சியாம்.

மூன்றாவது, அவ்வெளியின் பாங்கர் ஆடும் கூத்தன் திருவுருவம். இதன் பொருளைப் பின்னெழுந்த உண்மை விளக்கம் வகுத்துரைக்கும். துடி படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள். ஊன்றிய திருவடியோ மறைப்பு. அறியவொண்ணாமையையும் ஓர் உறுப்பாக வார்த்தமையே இத்திருவுருவின் சிறப்பென்க.

அணுவின் உட்கூறுகளை ஆராயும் ஜெனீவாவின் செர்ன் நிலையத்தில், இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயரக் கூத்தன் உருவம் 2004 ஜூன் 18இல் திறந்துவைக்கப்பெற்றது. அது கண்டு, இக்கால விஞ்ஞானம் முழுதும் நம் முன்னோர் கூறியதே எனச் செருக்குறல் முறையன்று. சுட்டறிவால் அறியப்படுவது அசத்து. எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம். இரண்டுமல்லாதது சிவசத்து என்பது சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. ஆதலின் திருவுருவம் அளந்தறிதற்கன்று, வணங்கி அருளால் உணர்தற்கேயாம்.

திருச்சிற்றம்பலம்.