நூரளைக்கு வந்த குதிரை

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டால், நூரளை என்று நாங்கள் சொல்லும் நுவரெலியாவில் கால் வைக்க இடமிருக்காது. கொழும்பிலிருந்து கார்கள் வரிசை கட்டும். தோட்டத்து லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பஸ் ஏறி வருவார்கள். வந்தவர்கள் எப்படியும் ஒருமுறை எட்டிப் பார்க்கும் இடம் ரேஸ் கோர்ஸ். கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். சுற்றிலும் வேலி, ஒரு பக்கம் பார்வையாளர் மேடை, பின்னால் மலை. ஓடி முடித்த குதிரை மூச்சு விட்டால், அந்தக் குளிரில் மூக்கிலிருந்து ஆவி கிளம்புவது வேலியோரம் நிற்பவர்களுக்கும் தெரியும்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. இலங்கை மண்ணுக்கோ தமிழ் மண்ணுக்கோ குதிரை சொந்தமில்லை. பிறகு எப்படி இங்கே வந்தது? அதைச் சொல்ல, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடல் வழியே குதிரைகள் அங்கே வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. யானை காட்டிலேயே கிடைத்தது; குதிரைக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாணிக்கவாசகர் கதையிலும் இந்த வியாபாரம் ஒளிந்திருக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சராயிருந்த அவர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். இரவில் அவை மறுபடி நரிகளாயின. பக்திக் கதைதான். ஆனாலும் அமைச்சரே நேரில் போய் வாங்கி வருமளவுக்குக் குதிரை பெரிய செலவாக இருந்திருக்கிறது என்பதும், வாங்கிய சரக்கு வீடு வந்ததும் வேறாகிவிடுமோ என்ற பயமும் அதில் தெரிகின்றன.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்ததாக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஒரு குதிரைக்கு 220 தினார். வழியில் செத்துப்போனாலும் அரசர் பணம் கொடுத்தாக வேண்டும்! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோவும் காயல் துறைமுகத்துக் குதிரை வியாபாரத்தைப் பார்த்து வியந்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் ஆண்டு முடிவதற்குள் நூறுகூட மிஞ்சாதாம். வெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை, தீனியும் பொருந்தவில்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை என்றும் எழுதுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை.

காயலில் வந்து இறங்கிய அரபுக் குதிரை இன்னொரு திசையிலும் பயணம் போனது. சிரியாவின் அலெப்போ நகரில் வணிகராயிருந்த தாமஸ் டார்லி என்ற ஆங்கிலேயர் அங்கே ஓர் ஆண்குதிரையை வாங்கி, 1704இல் யார்க்‌ஷயரிலுள்ள தம் குடும்பப் பண்ணைக்கு அனுப்பினார். அந்த 'டார்லி அரேபியன்' வம்சத்தில் வந்ததுதான் தோல்வியே காணாத எக்லிப்ஸ். இன்று உலகின் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி அந்த ஒரே குதிரையில் போய் முடிகிறது. காயலில் படைக்காக விற்ற சரக்கு, இங்கிலாந்தில் பந்தயத்துக்கென்றே ஓர் இனமாயிற்று.

இலங்கையிலும் குதிரை பலமுறை கால் ஊன்றப் பார்த்தது. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வாரிசுகள் இன்றும் நெடுந்தீவில் கட்டில்லாமல் திரிகின்றன. கொழும்பில் ஆங்கிலேயர் காலி முகத்திடலிலேயே பந்தயம் ஓட்டினார்கள். ஆனால் குதிரை உடம்புக்கு ஏற்ற குளிர் மலையில்தான் இருந்தது.

அந்தக் குளிரைத் தேடி 1848இல் வந்து குடியேறியவர்கள் சாமுவேல் பேக்கரும் தம்பி ஜோனும். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற அதே சாமுவேல் பேக்கர்தான். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே பெயர்த்து நூரளையில் நட நினைத்தார்: கொல்லர், வேட்டை நாய்கள், டர்ஹாம் பசு, கூடவே ஒரு குதிரைக்காரர். மலைப்பாதையில் அந்தக் குதிரைக்காரர் வண்டியைக் குதிரைகளோடு சுமார் 80 அடிப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டார். உதவிக்குத் தோட்டத் துரை ஒருவர் அனுப்பிய நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்களாலும் வண்டியை அசைக்க முடியவில்லை. குதிரைகள் பலத்த காயத்தோடு எழுந்துகொண்டன. பிறகு வண்டியை மீட்கக் கொண்டுபோன யானையையும் அதே ஆள் விரட்டி ஓட்டியதில் அது செத்துப்போயிற்று. இப்படித் தொடங்கிய ஊரில்தான் ஜோன் பேக்கர் இங்கிலாந்திலிருந்து பொலிகுதிரைகளை வரவழைத்து, பயிற்சிக்கு ஓர் ஓடுபாதையும் அமைத்தார். இன்றைய திடலின் மூலம் அதுதான்.

1875இல் ஜிம்கானா கிளப் அங்கே முறையான பந்தயத்தை நடத்தியது. 'ஜிம்கானா' என்ற சொல்லே ஒரு வழிப்போக்கன். இந்துஸ்தானியில் பந்து வீடு என்று பொருள்படும் 'கேந்த் கானா', ஆங்கிலேயர் நாக்கில் 'ஜிம்னாஸ்டிக்'கோடு உரசி உருமாறியது என்பார்கள். அப்போது இலங்கை ஆளுநராயிருந்தவர் வில்லியம் கிரகரி. நூரளை வாவிக்குப் பெயர் கொடுத்த அவர், இளமையில் இங்கிலாந்துப் பந்தயத் திடல்களில் குடும்பச் சொத்தில் பெரும்பகுதியைத் தொலைத்தவர். திடலின் பெரிய பந்தயத்துக்கு இன்றும் ஆளுநர் கிண்ணம் என்றுதான் பெயர். 1885இல் ரயில் பக்கத்திலுள்ள நானுஓயாவைத் தொட்டது; 1910இல் டர்ஃப் கிளப் திடலைப் பொறுப்பேற்றது.

இதற்கிடையே கோப்பிச் செடி நோயில் அழிந்து, மலை முழுதும் தேயிலையாகியிருந்தது. துரைமார் மலை பார்க்கக் குதிரையில் போவார்கள். குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடுவார். அந்தக் குதிரைக்காரர்களில் பலர் தென்னிந்தியத் தமிழர்கள். அவர்களுடைய இனத்தாரும் கடல் தாண்டித்தான் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பலர் பாதையிலேயே விழுந்தார்கள். கப்பலில் வந்த குதிரைக்கு விலையும் வம்சாவளியும் எழுதிவைத்த காலத்தில், நடந்து வந்து வழியில் இறந்தவர்கள் பலரின் பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. காயலில் கவனிப்பின்றிச் செத்த குதிரை நூரளையில் பிழைத்ததற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. விடியலில் தேய்த்து, கொள்ளு வைத்து, வியர்வை ஆற நடத்திக் கொண்டுபோன இந்தக் கைகளும்தான் காரணம்.

1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு குதிரைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. குதிரை போயிற்று, பந்தயம் கட்டும் பழக்கம் போகவில்லை. மலையக நகரங்களின் ரேஸ் புக்கி எனப்படும் பந்தயக் கடைகளில், பார்த்தேயிராத இங்கிலாந்துத் திடல்களில் ஓடும் குதிரைகள்மேல் தோட்டத் தொழிலாளர்கள் நாட்கூலியைக் கட்டினார்கள். எத்தனையோ வீடுகளில் அந்தப் பழக்கம் அரிசிப் பானையைக் காலியாக்கியது. 1981இல் நூரளையில் பந்தயம் திரும்பிவந்தது. நாட்டில் இன்று பந்தயம் நடக்கும் திடல் இது ஒன்றுதான்.

இப்போது இங்கே ஓடும் குதிரைகளில் பல, இந்தியப் பண்ணைகளில் பிறந்தவை. அலெப்போ, யார்க்‌ஷயர் என்று உலகைச் சுற்றிய இரத்தம், பழையபடி அதே கடலைத் தாண்டி இந்த மலைக்கு வந்து சேர்கிறது. பந்தயம் முடிந்ததும் கூட்டம் கிண்ணம் வாங்குபவரைப் பார்க்கத் திரும்பும். அந்த நேரத்தில் நீங்கள் மறுபக்கம் பாருங்கள். கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர், ஈரக் கழுத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, குதிரையை மெல்ல நடத்திக் கொண்டு போவார்.