பெருந்தொற்றும் அவசர சிகிச்சைப் பிரிவும்: மோகனூர் வட்டாரம்

பெருந்தொற்றுக் காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவின் உபயோகம் என்பது, ஒரு கொள்ளைநோய் நாடெங்கும் பரவியிருக்கும்போது, விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், விஷக்கடி முதலியவற்றால் பீடிக்கப்பட்ட ஜனங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவை எந்த அளவுக்கு நாடுகிறார்கள், எந்த அளவுக்கு நாடாமல் ஒதுங்குகிறார்கள் என்பதைக் குறிக்கும். வியாதி பெருகினால் ஆஸ்பத்திரி நிரம்பும் என்பது பொதுவான எண்ணம். சரித்திரம் காட்டுவதோ, பெரும்பாலும் அவசரப் பிரிவு முதலில் காலியாகிறது, பின்னரே நிரம்பி வழிகிறது என்பதாகும். காவிரியின் வடகரையில், நாமக்கல்லுக்குத் தெற்கே, கரும்பும் வாழையும் விளையும் வயல்களுக்கிடையே அமைந்ததும், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கொண்டதும், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்ததுமான மோகனூர் போன்ற ஓர் ஊருக்கு இவ்விரு நிலைகளும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முற்கால வரலாறு

ஆஸ்பத்திரியைக் கண்டு ஜனங்கள் அஞ்சிய வரலாறு நம் நாட்டில் பிளேக் நோயோடு தொடங்குகிறது எனலாம். 1896-இல் பம்பாயில் தோன்றிய அந்நோயை அடக்கும் பொருட்டு அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டு, நோயுற்றவர்களை வலுக்கட்டாயமாகப் பிரித்துக் கொண்டுபோன காரணத்தால், ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற பீதி எங்கும் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு சென்று தாக்கினார்கள். 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. பூனாவில் பிளேக் அதிகாரியாயிருந்த ராண்டு அவ்வாண்டு ஜூன் 22-ஆம் தேதி சுடப்பட்டதும், அச்சட்டத்தின் கீழ் நடந்த கெடுபிடிகளின் விளைவேயாகும். ஜனங்கள் அறியாமையால் வைத்தியத்தை மறுத்தார்கள் என்று அக்கால உத்தியோகஸ்தர்கள் எழுதிவைத்தது நியாயமன்று. சிகிச்சையைவிடச் சிறைப்பிடிப்பே முதன்மையாகத் தோன்றிய இடத்திற்கு எவர்தாம் மனமுவந்து செல்வார்?

1898-இல் பெங்களூரில் பரவிய பிளேக், அதையடுத்த ஆண்டுகளில் மைசூர் எல்லையைக் கடந்து சேலம் ஜில்லாவின் வடபகுதிகளுக்கும் வந்தது. சென்னை ராஜதானியில் நோய்கண்ட இடங்களிலிருந்து வரும் ரயில் பிரயாணிகளுக்குப் பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டு அளித்து, அவர்கள் சென்றடைந்த ஊரில் குறித்த நாட்கள்வரை அதிகாரி முன் ஆஜராகச் செய்யும் முறை கையாளப்பட்டது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது மாவட்ட எல்லையைக் கடக்கத் தேவைப்பட்ட இ-பாஸுக்கு இதுவே முன்னோடி என்பது கவனிக்கத்தக்கது.

1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சா வேறு வகையானது. ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கொடிய உருவெடுத்த அந்த ஜுரம், இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணங்களையும் நோக்கச் சென்னை ராஜதானியில் சாவு குறைவே. அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்திருந்த நாமக்கல் தாலுகாவில், அவசரப் பிரிவு என்று சொல்லத்தக்க அமைப்பு எதுவும் இல்லை. வீட்டுத் திண்ணையும் நாட்டு வைத்தியரின் பஸ்பமுமே சிகிச்சையாக இருந்த ஊர்களில், ஆஸ்பத்திரியை நாடாமை என்பது ஒரு பிரச்சினையாகவே எழவில்லை.

2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது நிலைமை தெளிவாயிற்று. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், 1844-இல் நிறுவப்பட்ட டான் டாக் செங் மருத்துவமனை மார்ச் 22-ஆம் தேதி முதல் அந்நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. ஏனைய அவசர நோயாளிகள் பிற மருத்துவமனைகளுக்குத் திருப்பப்பட்டார்கள். தைவானில் அவசரப் பிரிவுகளுக்கு வருவோர் தொகை வெகுவாகச் சரிந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதோ, நோய் பெரும்பாலோருக்கு இலேசாயிருந்ததால், சாதாரணச் சளிக்கும் ஜனங்கள் அவசரப் பிரிவில் வந்து குவிந்தார்கள். ஆகவே, நோயின் கொடுமையும், அதைப் பற்றிய அச்சமும், சாலை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் சேர்ந்தே கூட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

அவசர நோயாளிகளின் வகைகள்

நெப்போலியனின் படையில் பணியாற்றிய லாரே என்ற மருத்துவர், காயமுற்றோரைப் பதவி பாராமல் காயத்தின் கடுமையைக் கொண்டே வரிசைப்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் இன்றைய முறை அதன் வழித்தோன்றலே. பெருந்தொற்றை ஆராய்வதற்கு வேறொரு பாகுபாடு வேண்டும்.

முதலாவது, உண்மையாகவே குறைந்தவை. கொரோனா ஊரடங்கில் வாகனங்கள் நின்றதால் விபத்துகள் குறைந்தன; தமிழ்நாட்டில் 2019-இல் சாலையில் மாண்டவர் 10,525 பேர், 2020-இல் 8,000-க்குச் சிறிது மேல். லாரித் தொழிலால் வாழும் நாமக்கல் சீமையில் நெடுஞ்சாலை ஓய்ந்தது சிறிய விஷயமன்று.

இரண்டாவது, குறையாமலிருந்தும் வராமற் போனவை. மாரடைப்பும் பக்கவாதமும் ஊரடங்குக்குக் கட்டுப்படுவதில்லை. எனினும் இந்திய இருதயவியல் சங்கத்தின் ஆய்வில், 2020-இன் ஊரடங்கு மாதங்களில் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், முந்திய ஆண்டினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். அமெரிக்காவில் ஏப்ரல் மாதத்தை ஒட்டிய நான்கு வாரங்களில் அவசரப் பிரிவு வருகை 42 சதவிகிதமும், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வருகை 72 சதவிகிதமும் வீழ்ந்தன. இங்கிலாந்தில் ஏப்ரல் மாத வீழ்ச்சி 57 சதவிகிதம். அநாவசியமாக வந்துகொண்டிருந்தவர்களே நின்றார்கள் என்று சிலர் இதற்குச் சமாதானம் கூறுவர், அது பொருந்தாது. பக்கவாதத்திற்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் ஏறினால்தான் பயன். நெஞ்சுவலியை வாய்வுப் பிடிப்பென்று எண்ணிச் சீரக வெந்நீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திருந்த வீடுகளில் அந்நேரம் கழிந்துபோயிற்று.

மூன்றாவது, எக்காலத்தும் வந்தே தீருபவை: பிரசவம், பாம்புக்கடி, விஷம் குடித்தல். கரும்புத் தோட்டத்தில் கண்ணாடிவிரியன் தீண்டியவனுக்குக் கொரோனா பயம் இரண்டாம்பட்சமே.

நான்காவது, பெருந்தொற்றே உண்டாக்கிய அவசரங்கள். டயாலிசிஸ் தவறியவர்களும், இன்சுலினும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் தீர்ந்துபோனவர்களும், மூச்சு முட்டும் நிலையிலேயே வந்து சேர்ந்தார்கள்.

மோகனூர் வட்டாரத்தில், 2020–21

கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் நாமக்கல் முட்டையின் விலை சரிந்துகொண்டிருந்த காலத்தில், 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவும், மறுநாள் நாடு தழுவிய ஊரடங்கும் வந்தன. பஸ்ஸும் ரயிலும் நின்றன. ஏழை நோயாளிக்குப் பஸ்ஸே ஆம்புலன்ஸ் என்பதை ஊரடங்கை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாமக்கல் தலைமை மருத்துவமனை ஒருபுறமும், காவிரிக்கு அக்கரையில் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மறுபுறமுமாக இருக்க, வாங்கல் பாலத்தின் மறுகரை வேறு மாவட்டமாதலால், ஆற்றைக் கடந்து வைத்தியத்திற்குப் போவதுங்கூட அனுமதிக்கு உட்பட்ட காரியமாயிற்று. மருத்துவ அவசரம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்கே இ-பாஸ் கிடைத்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஆகியவை ஒரே மண்டலமாக்கப்பட்டபோது அத்தடை நீங்கி, அம்மாத இறுதியில் மீண்டும் வந்தது. ஆகஸ்டு முடிவில்தான் இ-பாஸ் ஒழிந்தது. 2008 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஓடிவரும் 108 வண்டி ஒன்றே இக்காலம் முழுவதும் நம்பத்தக்க துணையாக நின்றது. அதன் ஓட்டுநர்களும் மருத்துவ உதவியாளர்களும் ஆற்றிய தொண்டு தனி நூலுக்குரியது.

முதல் அலையில் வெறிச்சோடிய அவசரப் பிரிவுகள் இரண்டாம் அலையில் தாங்க மாட்டாமற் போயின. 2021 மே 21-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் உறுதியாயிற்று. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. வண்டியிலேயே ஆக்ஸிஜன் கொடுத்துப் படுக்கைக்குக் காத்திருக்க நேர்ந்தது. சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்ஸிஜன் வசதியுள்ள 500 படுக்கைகள் கொண்ட மையம் மே 20-ஆம் தேதி திறக்கப்பட்டது. காலியான அறையும் நிரம்பிய அறையும் வேறு வேறு துன்பங்கள் அல்ல. அச்சத்தாலும் பாதையின்மையாலும் தாமதித்து நின்ற நோயாளிகளுள் பலர், கடைசிக் கட்டத்தில் ஒருசேர வந்ததே நெரிசலை இத்தனை கொடியதாக்கிற்று.

இன்றைய நிலை

இருப்பிடத்திற்கே மருந்து கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-இலும், விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் அவ்வாண்டு டிசம்பர் 18-இலும் தொடங்கின. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது.