பெயர் யாருக்குச் சொந்தம்?



கார் பட்டறை ஒன்றைக் கடந்து போகும்போது அதன் பெயர்ப்பலகையை நின்று வாசித்திருக்கிறீர்களா? "இன்ன கார் இங்கே ரிப்பேர் செய்யப்படும்" என்று கார் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரோ பட்டறைக்காரருடையது அல்ல. கார் செய்யும் பெரிய கம்பெனி சட்டப்படி பதிந்து வைத்திருக்கும் வணிகச் சின்னம் அது. அப்படியிருக்க, கேட்காமல் அதை எழுதலாமா? கம்பெனி வழக்குப் போட்டால் பட்டறைக்காரர் பிழைப்பு என்ன ஆகும்? இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறிய வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பிளக் வழக்கு

கதை ஒரு சின்னஞ்சிறு சாமானில் தொடங்குகிறது. அமெரிக்காவின் சாம்பியன் கம்பெனி, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைச் செய்து பெயர் பெற்றது. தேய்ந்துபோன சாம்பியன் பிளக்குகளைச் சேர்த்து, சீர்செய்து, மறுபடி விற்று வந்தது வேறொரு நிறுவனம். பிளக்கில் "சாம்பியன்" என்ற பெயர் அப்படியே இருந்தது. அட்டைப்பெட்டியிலும் அதே பெயர். "புதுப்பிக்கப்பட்டது" என்றும் போட்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் பிளக்கின்மேல் அந்தச் சொல் கறுப்பு நிறத்தில் நீல மையால், பொடி எழுத்தில்! சில சமயம் வாசிக்கவே முடியாது. பெட்டியில் விற்பவரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

சாம்பியன் கம்பெனி சும்மா இருக்குமா? வழக்குப் போட்டது. முதலில் விசாரித்த நீதிமன்றம், பழைய பெயரை அழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர் இருக்கட்டும், ஆனால் பிளக் முழுவதும் சாயம் பூசி, "பழுது பார்த்தது" அல்லது "பயன்படுத்தியது" என்ற சொல்லை வேறு நிறத்தில், பளிச்சென்று தெரியும்படி பதிக்க வேண்டும் என்றது. கம்பெனிக்கு மனம் ஆறவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனது.

1947 ஏப்ரல் 28 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். பழைய கார் ஒன்றின் வால்வுகளைத் தேய்த்து, பிஸ்டன் வளையங்களை மாற்றி விற்பவர், ஃபோர்டு, செவர்லே என்ற பெயரைப் பிடுங்கிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று தடுக்க முடியுமா? முடியாது. பிளக்குக்கும் அதே நியாயம்தான் என்றார் அவர். மேல்முறையீட்டுத் தீர்ப்பே நிலைத்தது. ஆனால் எல்லை ஒன்றையும் அவர் காட்டினார்: பழுது பார்ப்பது அளவு கடந்து, பொருளே வேறாகிப் போனால், பழைய பெயரைச் சொல்வதே தவறாகிவிடும்.

பலகை வழக்குகள்

அடுத்தது பட்டறைப் பலகை. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் ஃபோக்ஸ்வேகன் கார்களைப் பழுது பார்த்த ஒரு சிறு பட்டறைமேல் அந்த ஜெர்மன் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1969 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டறைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. ஃபோக்ஸ்வேகன் காரைப் பழுது பார்ப்பவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் வேறு எப்படித்தான் சொல்வார்? மேலும் அவர் கம்பெனியின் வட்டச் சின்னத்தைப் போடவில்லை. அவர்களுடைய எழுத்து வடிவத்தையும் வண்ணத்தையும் காப்பியடிக்கவில்லை. "சுதந்திரமான பட்டறை" என்றும் விளங்க எழுதியிருந்தார். அதுவே அவரைக் காப்பாற்றியது.

இதற்கு நேர்மாறானது 1976 இல் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த வழக்கு. ஃபோக்ஸ்வேகன் வண்டியின் முகப்பில் ரோல்ஸ்ராய்ஸ் காரின் கிரில் போலவும் பறக்கும் பெண் சிலை போலவும் பொருத்திக்கொள்ளச் சாமான் விற்றது ஒரு நிறுவனம். ரோல்ஸ்ராய்ஸ் வழக்குப் போட்டு வென்றது. பழுது பார்ப்பது வேறு, வேஷம் கட்டுவது வேறு அல்லவா?

ஐரோப்பாவிலும் இதே பிரச்சினை எழுந்தது. நெதர்லாந்தில் பழைய பி.எம்.டபிள்யூ. கார்களை விற்றும் பழுது பார்த்தும் வந்த ஒருவர், கம்பெனியின் விற்பனையாளர் குழுவில் சேராதவர். அவர் செய்த விளம்பரத்தைக் கம்பெனி எதிர்த்தது. 1999 பிப்ரவரி 23 ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: இந்தக் காரைப் பழுது பார்க்கிறேன் என்று அறிவிக்கப் பெயரைச் சொல்லலாம், கம்பெனியோடு வியாபார உறவு உண்டு என்று பிறர் நினைக்கும்படி மட்டும் சொல்லக்கூடாது.

இன்று பழைய கார்களை முழுக்கப் பிரித்துப் புதிதாக்குவது பெரும் தொழிலாகிவிட்டது. கலிபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் பழைய போர்ஷே 911 கார்களை அப்படி மாற்றியமைக்கிறது. கூடவே, தனக்கும் போர்ஷே கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதி வைக்கிறது. அன்று நீதிபதி டக்ளஸ் காட்டிய எல்லை எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

நாம் அறிவது

கம்பெனியின் கோபத்திலும் நியாயம் உண்டு. எவரோ அரைகுறையாகப் பழுது பார்த்த வண்டி நடுரோட்டில் நின்றால், "இந்தக் கம்பெனி காரே இப்படித்தான்" என்றுதானே நாம் திட்டுகிறோம்! மெக்கானிக்குடைய வயிற்றுப்பாட்டிலும் நியாயம் உண்டு. தான் கற்ற தொழிலை ஊருக்குச் சொல்லாவிட்டால் அவரைத் தேடி யார் வருவார்?

இரண்டு நியாயத்துக்கும் நடுவே நீதிமன்றங்கள் கண்ட வழி எளியது. பிறர் பெயரை உண்மை சொல்லப் பயன்படுத்தலாம். அதை நமது பெயராக அணிந்துகொள்ளக் கூடாது. பிளக் விற்றவர் "புதுப்பிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் போட்டு, பெட்டியில் தன் பெயரையும் முகவரியையும் அச்சிட்டிருந்தால், வழக்கே வந்திருக்குமோ என்னவோ!

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை இஞ்சினியர் ஆகலாம். சிலர் சொந்தப் பட்டறையே வைக்கலாம். என்ன தொழில் செய்தாலும், உண்மையைப் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். செய்த வேலையின் கீழே உங்கள் பெயரைத் துணிந்து போடுங்கள். அந்தப் பெயரை எந்தக் கம்பெனியும் வந்து கேட்காது.