இருந்தும் இல்லாத வட்டு

திருவல்லிக்கேணியின் எல்லீஸ் சாலைப் பக்கமிருந்து அண்ணா சாலையைக் கடந்து சிறிது நடந்தால் ரிச்சி தெரு. வானொலி உதிரிப்பாகங்களில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, பின்னர் கணினியில் நிலைகொண்ட சந்தை அது. திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறைகளுக்கும் தட்டச்சு நிலையங்களுக்கும் 1990களின் இறுதியில் வந்து சேர்ந்த கணினிகளில் பல, அங்கே பாகம் பாகமாக வாங்கப்பட்டுக் கோக்கப்பட்டவை. அப்படிக் கோத்த கணினியை முதன்முறை உயிர்ப்பிக்கும்போது விசிறி சுழலும், திரை ஒளிரும். வன்தட்டு மட்டும் இல்லை என்று பயாஸ் அறிவிக்கும். கையால் தொட்டால் அது உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும். கண்முன் இருக்கும் பொருளை இல்லையென்று கருவி சொல்லும் இந்த விந்தைக்கு ஒரு வரலாறு உண்டு.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் கணினியை வெளியிட்டபோது இச்சிக்கலுக்கே இடமில்லை. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஐம்பது இலட்சம் எழுத்துகள். அறையையே அடைத்துக்கொண்டு நின்ற அதை எவரும் தேட வேண்டியதில்லை. 1980இல் சீகேட் நிறுவனத்தின் 5 மெகாபைட் வட்டு மேசைக் கணினிக்குள் நுழைந்தது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில், பொருத்தப்பட்டது எந்த வகை வட்டு என்பதை ஓர் எண்ணால் நாமே சொல்லித்தர வேண்டியிருந்தது. சொன்னதை ஒரு சிறு மின்கலத்தின் துணையோடு அது நினைவில் வைத்துக்கொள்ளும். மின்கலம் தீர்ந்துபோனால் வட்டையும் மறந்துவிடும். வட்டு தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளக் கற்றது, கட்டுப்பாட்டுச் சுற்று வட்டின் மீதே ஏறிய ஐடிஇ முறைக்குப் பிறகுதான்.

ஐடிஇ தன் பங்குக்கு வேறொரு வம்பைக் கொண்டுவந்தது. ஒரே பட்டைக் கம்பியில் இரண்டு கருவிகளை இணைக்கலாம். ஆனால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். (அந்தப் பெயர்கள் நமக்கு உவப்பானவை அல்ல, பின்னாளில் தொழில்நுட்ப உலகமே அவற்றைக் கைவிடத் தொடங்கியது.) நகக்கண் அளவுள்ள ஜம்பர் துண்டு எந்த முள்ளிணையில் செருகப்பட்டிருக்கிறது என்பதே யார் எது என்பதைத் தீர்மானித்தது. பழைய வட்டும் புதிய வட்டும் தம்மை மாஸ்டர் என்றே சொல்லிக்கொண்டால், பெரும்பாலும் இரண்டுமே கண்ணில் படா. தேர்ந்த பணியாளர் முதலில் திருப்புளியைத் தொடுவதில்லை. மின்சாரம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார், கம்பியின் சிவப்பு ஓரம் முதல் முள்ளை நோக்கி இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் ஜம்பர்.

அளவும் வட்டை மறைத்தது. பழைய பயாஸின் கணக்கு 528 மெகாபைட்டோடு நின்றது. பின்னாளில் 137 கிகாபைட்டில் இன்னொரு சுவர். 2003இல் சாட்டா வட்டுகள் வந்து ஜம்பரின் தொல்லையை ஒழித்தன. ஆனால் பயாஸ் கண்ட வட்டை விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும் நிரல் காணாமல் போகும் நிலை வந்தது. தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து ஓட்டு நிரலை ஊட்ட வேண்டும். ஃபிளாப்பியே வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில் இதற்கென்றே ஃபிளாப்பி இயக்கி வாங்கியோர் உண்டு. இன்றைய எம்.2 வட்டுகளிலும் கதை முடியவில்லை. சில தாய்ப்பலகைகளில் அதைச் செருகியதும் சாட்டா வாய்களில் ஒன்று செயலிழக்கும். புத்தம்புதிய வட்டோ பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் தெரியாது. பகுதி பிரித்து வடிவமைத்தால்தான் அதற்கு ஓர் எழுத்துப்பெயர் கிடைக்கும்.

இங்கேதான் நம்மைப் போன்றோர் அஞ்ச வேண்டிய இடம் வருகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அலமாரியில் கிடந்த வட்டைப் புதிய கணினியில் இணைக்கும்போதும், வடிவமைக்கட்டுமா என்று அதே கேள்வி எழக்கூடும். புதிய வட்டுக்கு ஆம் என்பது சரியான விடை. பழையதற்கு அந்த ஒரு சொல் போதும், தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த பதிப்புகள் கைநழுவிப்போக. கேள்வியை மூடிவிட்டு, வட்டைப் படியெடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுசெல்வதே முறை.

எல்லீஸ் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் பயின்றோர்க்கு எல்லீசன் நினைவுக்கு வருவார். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இலேயே நிறுவியவர். 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் மதுரையில் ஒரு சமையற்காரரின் அடுப்பெரிக்கப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். தாள்கள் அங்கேயேதான் இருந்தன. அவை என்னவென்று அறியும் கண்தான் அந்த அடுப்படியில் இல்லை.

வட்டு அறியப்பட்டு, கோப்பும் திறந்த பின்னரும் தமிழுக்கு ஒரு தடை மிஞ்சுகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் ஏற்கப்பட்டன. இணையத்தில் திஸ்கி புழங்கியது. அச்சகங்கள் தத்தம் எழுத்துருக்களோடு நின்றன. தமிழக அரசு ஒருங்குறிக்கு ஆணையிட்டது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகளைத் திறந்தால் திரையில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றி நிரல் கொண்டு மீட்டுவிடலாம். ஆகவே பழைய வட்டை எடுத்துவைப்போர் அதன்மேல் ஒரு தாளொட்டி ஆண்டையும் எழுத்துருவின் பெயரையும் பேனாவால் எழுதிவைப்பது நல்லது.