முதுசமும் முதற்காதலும்

யாழ்ப்பாணத்திலே காதல் இரண்டு மனங்களின் காரியமாக மட்டும் என்றும் இருந்ததில்லை. அது காணியின் காரியம், பனங்கூடலின் காரியம், உடன்பிறந்தாளுக்குக் கொடுக்கவேண்டிய சீதனத்தின் காரியம். பதினேழு வயது மாணவனொருவன் தன்னோடு படிக்கும் இன்னொரு மாணவனிடத்து மனம் வைத்துவிட்டால், அதை வெளியே சொல்ல அவன் ஏன் அஞ்சுகிறான் என்ற கேள்விக்கு, 'அது நமது பண்பாடு' என்று ஒரு வார்த்தையில் விடை கூறிவிட்டு அகல்வோர் பலர். பண்பாடு வானத்திலிருந்து விழுந்த பொருளன்று. அதற்குப் பிறந்த தேதியுண்டு; பெற்றவர்கள் உண்டு; அதனாற் பயனடைந்தவர்களும் உண்டு. தன்பாலார் மீது காதல் கொள்ளும் இளைஞனின் வாயைக் கட்டியிருக்கும் கயிறு எங்கே, யாரால் திரிக்கப்பட்டது என்று வரலாற்றின் வழியே நோக்குவதே ஈண்டு எமது முயற்சி.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அரை நூற்றாண்டு காலம் ஆண்டு பழகிய பின்னர், இந்நாட்டுக் குடிகளின் வழக்கங்களை எழுத்திலே தொகுக்க முற்பட்டனர். ஆளுநர் சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707இல் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட அத்தொகுப்பே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு, அடிமை என்று அது பேசுவதெல்லாம் உடைமை பற்றிய பேச்சே. அதில் ஒரு விதி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மணமாகாத மகன் உழைத்துத் தேடிய பொருள் அவனுக்குரியதன்று. அவன் அணிந்துகொள்ளும் பொன் வெள்ளி நகைகள் போன்ற சில நீங்கலாக ஏனைய யாவும் பெற்றோரின் பொதுச்சொத்தோடு சேரவேண்டும். கலியாணம் ஆகும்வரை ஆண்மகனும் குடும்பத்தின் உழைப்புக் கருவியே என்பது இதன் பொருள். மணம் அவனுக்கு மனைவியை மட்டும் தரவில்லை; அவனைத் தனியாளாக்கியதும் அதுவே.

1911இல் வந்த கட்டளைச் சட்டம் தேசவழமையின் பல பகுதிகளை மாற்றியமைத்தது உண்மை. ஆயினும் வீட்டுக்குள் இருந்த கணக்கு மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண வாலிபர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பலேறினர். அங்கிருந்து வந்த காசு தங்கைமாரின் கழுத்தில் தாலிக்கொடியாயிற்று, நாற்சார் வீடாயிற்று. பிற்காலத்தில் கொழும்பும், அதன்பின் கனடாவும் சுவிற்சர்லாந்தும் மலாயாவின் இடத்தைப் பிடித்தன. தமையன் பெண்ணெடுக்கும் வீட்டிலேயே தங்கைக்கு மாப்பிள்ளை எடுக்கும் மாற்றுச் சம்பந்தமும் நம்மிடையே உண்டு. இத்தகைய அமைப்பிலே, 'எனக்கு ஒரு பெண்ணைக் கட்டுவதில் மனமில்லை' என்று பையனொருவன் சொல்வது வெறும் மனவுணர்வின் வெளிப்பாடாகக் கொள்ளப்படுவதில்லை. அவன் ஒரு கொடுக்கல் வாங்கலிலிருந்து விலகிக்கொள்கிறான். தங்கையின் கலியாணம் குழம்பும். வீட்டின் பெயர் சந்தையில் இறங்கும். தாய் வடிக்கும் கண்ணீரில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. எது எவ்வளவு என்று அவளுக்கே பிரித்தறிய முடியாது. காணியற்ற கூலி உழைப்பாளியின் வீட்டிலோ சீதனம் என்பது கடன். அக்கடனை அடைக்கப்போகும் மகன் என்ற ஒரே முதலும் கைநழுவுகிறதென்றால் அவ்வீட்டின் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் ஆணோடு ஆண் கொள்ளும் உறவுக்கு மரணமே தண்டனையாக இருந்தது. சீயம் நாட்டைப் பற்றி நூலெழுதிய யூஸ்ட் ஸ்கௌட்டன் என்ற கம்பனியின் உயரதிகாரியே இக்குற்றத்துக்காக 1644இல் பத்தாவியாவிலே கொல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணக் கோட்டையில் கொடியேற்றியது அதே கம்பனிதான். அதன் பின் வந்த ஆங்கிலேயர், மக்காலேயின் குழு வரைந்து 1860இல் இந்தியாவில் சட்டமாகிய தண்டனைக் கோவையை மாதிரியாகக் கொண்டு, 1883இல் இலங்கைக்கும் ஒன்றை இயற்றினர். அதன் 365ஆம் பிரிவு, இயற்கையொழுங்குக்கு மாறான உறவுக்குப் பத்தாண்டுவரை சிறை என்றது. 365அ என்னும் பிரிவின் சொற்களோ, 1885இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆண்களுக்கிடையிலான 'ஒழுக்கக்கேட்டை'க் குற்றமாக்கிய சட்டத்தின் சொற்களையே ஒத்தவை. ஒழுக்கக்கேடு எது என்று அச்சட்டம் வரையறுத்துச் சொல்லவில்லை. பொலிசுக்காரன் எதைச் சொல்கிறானோ அதுவே அது. இங்கிலாந்து 1967இல், வயதுவந்த ஆண்கள் தனிமையில் விரும்பிக் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஏற்றுமதி செய்தவன் கைவிட்ட சரக்கை, இறக்குமதி செய்தவர்கள் பிதுரார்ச்சிதம் என்று பூட்டிவைத்துக்கொண்ட விந்தையை என்னென்பது!

ஆனால் சட்டத்தை வாசித்துப் பார்த்துவிட்டு அஞ்சும் பையன்கள் மிகச் சிலரே. அச்சம் கற்பிக்கப்பட்ட இடம் பள்ளிக்கூடம். 1816இல் தெல்லிப்பளைக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். அவர்கள் விஞ்ஞானத்தோடு தம் காலத்துப் பாவக் கணக்கையும் கொண்டுவந்தனர். அவர்களை எதிர்த்தெழுந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிலே படித்து, அங்கேயே படிப்பித்து, அம்முறையை நன்கறிந்தபின் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். அவருடைய நான்காம் பாலபாடத்தில் களவும் கள்ளுண்ணலும் வியபிசாரமும் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. நல்லூரில் தேவதாசியர் ஆடுவதையும் அவர் கண்டித்தார். நாவலரின் தமிழ்த்தொண்டைக் குறைத்துரைப்பது எமது நோக்கமன்று. பாதிரியாரும் நாவலரும் தெய்வத்திலே மாறுபட்டனர். உடலைக் குறித்த ஐயத்திலே ஒன்றுபட்டனர். இன்று நாம் 'தொன்றுதொட்ட ஒழுக்கம்' என்று கூறுவதிற் பெரும்பகுதி அந்த வகுப்பறைகளிலே அச்சேறியது.

இவ்விடத்திலே சிலர் வேறொரு வழியில் ஆறுதல் தேடுவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை முன்பின் கண்டிராத பிசிராந்தையார் வந்து உடனுயிர் நீத்ததை எடுத்துக்காட்டி, 'பார்த்தீர்களா, அன்றே இருந்தது' என்பர். பேராசை பிடித்த வாசிப்பு அது. நட்பென்று மரபு வழங்கியதை நட்பென்றே விட்டுவிடலாம். பழைய ஏட்டில் முன்மாதிரி இருந்தாற்றான் மனிதனுக்கு உரிமை என்றால், ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் நுழைய எந்த ஏட்டைக் காட்டியிருக்க முடியும்? உயர்தர வகுப்பிலே அகத்திணை படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன், "சேர், இதெல்லாம் தலைவனுக்கும் தலைவிக்கும் மட்டுந்தானோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. தொல்காப்பியர் தம் முன்னிருந்த செய்யுள்களைப் பார்த்து இலக்கணம் செய்தார். மனிதர் எல்லாரையும் எண்ணிப் பார்த்துச் செய்தாரென்று எவரும் கூறவில்லை என்றேன். சிரிப்பு அடங்கியது. அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

இலங்கைத் தமிழ்ச் சிறுவனொருவனின் இத்தகைய முதற்காதலை உலகறியச் செய்த நூல் யாழ்ப்பாணத்தில் எழுந்ததன்று, தமிழிலும் எழுந்ததன்று. 1965இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983 ஆடிக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடா சென்ற சியாம் செல்வதுரை, 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபனி போய்' அது. பாட்டி வீட்டு முற்றத்தில் மைத்துனிமாரோடு 'கலியாணப் பெண்' விளையாடிச் சேலை கட்டிக்கொள்ளும் ஆர்ஜியைக் கண்டு உறவினரொருவர் கேலியாக உதிர்க்கும் சொல்லே நூலின் பெயராயிற்று. அவனை 'ஆம்பிளை'யாக்கவேண்டுமென்று தகப்பன் கண்டிப்பு மிகுந்த ஆண்கள் கல்லூரியொன்றில் சேர்க்கிறார். அங்கேதான் ஷெஹான் என்ற சிங்களப் பையன் மீது அவனுக்குக் காதல் பிறக்கிறது.

அந்நாவலின் உயிர்நிலையான கட்டம் பரிசளிப்பு விழா. பிரம்புக்குப் பேர்போன அதிபர், ஆங்கிலேயப் பள்ளிப் பெருமையைப் பாடும் நியூபோல்ட்டின் கவிதைகளை ஒப்புவிக்குமாறு ஆர்ஜியைப் பணிக்கிறார். அதிபரின் பதவி ஆட்டங்கண்டிருக்கிறது; அவர் வீழ்ந்தால் கல்லூரி சிங்களப் பேரினவாதிகளின் கைக்குப் போகும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே இடமிராது என்று தமிழாசிரியரொருவர் அவனுக்கு எடுத்துரைக்கிறார். ஆயின் அதே அதிபர்தான் ஷெஹானைத் தொடர்ந்து தண்டித்து வதைப்பவர். இனத்தின் நலனா, நேசித்தவனின் மானமா? பையன் மேடையேறிக் கவிதைகளை வேண்டுமென்றே உளறிக் குழப்பிவிடுகிறான். அவன் வீட்டாரிடம் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. ஆனால் தான் இனி அவர்களுடைய உலகத்தவன் அல்லன் என்பதை அறிந்துகொள்கிறான். தன்னை வெளிப்படுத்தல் என்பது முதலில் தனக்குத் தானே செய்துகொள்வது என்பதை இதைக்காட்டிலும் நுட்பமாகச் சொன்ன ஈழத்து நூலை யானறியேன். இனத்துக்குத் துரோகம் என்று இதைக் கூறுவார்க்கு ஒன்று கேட்கலாம்: பதினைந்து வயதுப் பிள்ளையின் முதுகில் இனத்தின் சுமையை ஏற்றிய பெரியவர்கள், அவனுடைய சுமையை ஒரு கணமேனும் விசாரித்தார்களா?

அந்நூலிலே யாழ்ப்பாணம் பெரும்பாலும் தொலைவிலிருந்து வரும் செய்தியே. அங்கிருந்து திரும்பும் புகையிரதத்தில் அவன் மாமி தாக்கப்படுகிறாள். 2020இல் தீபா மேத்தா அதைத் திரைப்படமாக்கியபோது, தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள் இல்லையென்றும், வசனத் தமிழ் கேட்கச் சகிக்கவில்லையென்றும் புலம்பெயர் தமிழர் கண்டித்தனர். நியாயமான கண்டனம். அக்கண்டனத்தை முன்னின்று எழுப்பியவர்களுள் தன்பாலீர்ப்புடைய தமிழ் இளைஞர்களும் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது.

தொலைவிலிருந்த அந்த யாழ்ப்பாணத்திலே என்ன நடந்தது? யுத்தம் நடந்தது. 1989இல் மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம, மனிதவுரிமை பற்றி எழுதியமைக்கு விலையாகத் தெருவிலே சுடப்பட்டார். 1995 ஒக்டோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மாற்றுக்கருத்தே மரணத்துக்கு ஏதுவான காலத்தில், மாற்றுக்காதலைப் பற்றி யார் யாரிடம் வாய்திறப்பது? மகனை உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதே தாயின் ஒரே கவலையாயிருந்தது. பல பையன்கள் தம் இரகசியத்தோடு விமானமேறியிருப்பர்.

இதே 1995இல்தான் கொழும்பிலே பாராளுமன்றம் 365அ பிரிவைத் திருத்தியது. நீக்கவில்லை, 'ஆண்' என்றிருந்ததை 'ஆள்' என்று மாற்றிப் பெண்களையும் குற்றவாளிகளாக்கியது! சமத்துவம் இவ்வுருவிலும் வரும் போலும். 2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழு, றொசானா பிளேமர் கல்தேராவின் முறைப்பாட்டை விசாரித்து, இப்பிரிவு அவருடைய உரிமைகளை மீறுவதாக முடிவுசெய்தது. 2023இல் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம் இப்பிரிவுகளை மாற்ற முற்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றமும் கூறியது. ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகாமலே ஒழிந்தது. இதற்கிடையில் யாழ்ப்பாண நகர வீதியிலும் வானவிற் கொடியேந்திய இளைஞர்கள் நடந்துவிட்டார்கள். நடந்தவர்கள் சிலரே. ஒதுங்கி நின்று பார்த்தவர்களுள் எத்தனை பேருடைய நெஞ்சு அவர்களோடு நடந்ததோ!

சட்டம் மாறட்டும், பின்னர் பார்ப்போம் என்போருக்கு நமது சொந்த வரலாறே விடை தருகிறது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்களின் இயக்கம். பாடசாலைகளிலே சமஆசனத்துக்காகவும் சாதி வேறுபாடற்ற சமபோசனத்துக்காகவும் அவர்கள் வாதாடினர். ஊர்ப் பெரியவர்கள் பொங்கினர். வழமை, ஒழுக்கம், குடும்பமானம் என்று இன்று காதில் விழும் அதே சொற்கள் அன்றும் காதில் விழுந்தன. சாதிக் கொடுமையைத் தண்டிக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1957இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் தரையிலிருந்த பிள்ளையை வாங்கில் ஏற்றியவர்கள் சட்டம் வரட்டுமென்று காத்திருக்கவில்லை.

தமிழகத்தில் 2021 ஜூன் 7ஆந் திகதி, மதுரையிலிருந்து ஓடிவந்த இரு இளம்பெண்களின் வழக்கிலே சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இது பற்றிய அறிவு போதாதென்று கூறி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார். இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பாடசாலைகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மூலம் பெற்றோருக்கு விளக்கவேண்டுமென்பதும் அவ்வாணையில் அடங்கும்.

நமது பாடசாலைகளில் அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் கூரைத் தகட்டையும் மலசலகூடத்தையும் பற்றிப் பேசிக் கலைகின்றன, அவையும் வேண்டியனவே. ஆனால் மணியடித்து எல்லாரும் போனபின் வாசலில் தயங்கி நின்று, "சேர், ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று தொடங்கும் பையனை மறுநாள் தகப்பனிடம் காட்டிக்கொடுப்பதா, அல்லது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்வதா என்பது பற்றிக் கல்வித் திணைக்களத்திலிருந்து சுற்றுநிருபம் எதுவும் வரப்போவதில்லை.