காமினோ தே சந்தியாகோ: கலீசியா வழித்தடம்

காமினோ தே சந்தியாகோ என்பது ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா மாநிலத்தின் தலைநகர் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவை நோக்கிச் செல்லும் கிறித்தவ யாத்திரைப் பாதைகளின் பொதுப்பெயர். இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரும், தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குபவருமான புனித யாக்கோபின் கல்லறை அந்நகரப் பேராலயத்தில் இருப்பதாக நம்பப்படுகிறது. பாதைகள் பல இருந்தாலும், பிரான்சின் எல்லையோர ஊரான சேன் ஜான் பியே தெ போரிலிருந்து ஏறத்தாழ 780 கி.மீ. நீளும் பிரெஞ்சு வழியே பெயர்பெற்றது. அதன் கடைசி 155 கி.மீ. கலீசியாவுக்குள் ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரில் தொடங்குகிறது. இப்பகுதியை நடந்து முடிக்க ஏழெட்டு நாள் ஆகும். நடப்பவர் காலடியில் இருப்பது பெரும்பாலும் இடைக்காலத் தடம்தான். ஆனால் வழிகாட்டும் மஞ்சள் அம்புகளும், ஊருக்கு ஊர் உள்ள விடுதிகளும், தூரம் சொல்லும் கற்களும் 1980-களிலும் அதற்குப் பின்னும் வந்தவை.

வரலாறு

புனித யாக்கோபு எருசலேமில் கி.பி. 44-ஐ ஒட்டித் தலை வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலைச் சீடர்கள் படகில் கலீசியாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர் என்பது மரபுக் கதை. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாயோ என்ற துறவி காட்டில் ஒளி கண்டதாகவும், இரியா ஃபிளாவியா ஆயர் தெயோதோமிரோ அங்கே கல்லறையைக் கண்டெடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. அஸ்தூரியாஸ் மன்னர் இரண்டாம் அல்ஃபோன்சோ தம் தலைநகர் ஒவியேதோவிலிருந்து வந்து வணங்கி, அங்கே கோயில் எழுப்பினார். ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்த காலம் அது. வடக்கே ஒடுங்கியிருந்த ஒரு சிறு கிறித்தவ அரசுக்கு, திருத்தூதர் ஒருவரின் கல்லறை சாதாரணச் சொத்து அல்ல.

997-இல் கோர்தோபாவின் படைத்தலைவர் அல்மன்சோர் சந்தியாகோ நகரைச் சூறையாடினார். கல்லறையைத் தொடவில்லை, ஆலய மணிகளைக் கிறித்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுசென்றார் என்பர். 1236-இல் கோர்தோபா வீழ்ந்தபின் அதே மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோளில் திரும்பி வந்தனவாம். இப்போதுள்ள பேராலயத்தின் கட்டுமானம் 1075-இல் தொடங்கியது. 1211-இல் அது அபிஷேகம் செய்யப்பட்டது.

12-ஆம் நூற்றாண்டு யாத்திரையின் உச்சகாலம். அக்காலத்தில் தொகுக்கப்பட்ட ‘கோதெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ்’ என்ற கையெழுத்துச் சுவடியின் ஐந்தாம் நூல், நல்ல தண்ணீர் எங்கே, கெட்ட தண்ணீர் எங்கே, எந்த ஊரார் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் எழுதிவைத்த வழிகாட்டி. அதை எழுதியவர் யாராயினும், பிற ஊராரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதில் தாராளமானவர் அல்லர். சுவடியிலுள்ள ஒரு பிரசங்கம், நல்ல மதுவை ருசி காட்டிவிட்டு மட்டமானதை ஊற்றும் விடுதிக்காரர்களைச் சபிக்கிறது. இச்சுவடி 2011-இல் பேராலயத்திலிருந்து களவு போய், மறு ஆண்டு, அங்கே முன்பு வேலை பார்த்த மின்பணியாளர் ஒருவரின் கார் கொட்டகையில் கிடைத்தது.

கொள்ளைநோய், போர், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் ஆகியவற்றால் கூட்டம் குறைந்தது. 1589-இல் பிரான்சிஸ் டிரேக்கின் ஆங்கிலப் படை கலீசியத் துறைமுகமான லா கொருன்யாவைத் தாக்கியபோது, பயந்துபோய்ப் புனிதரின் எலும்புகளை ஒளித்துவைத்தார்கள். ஒளித்த இடமே மறந்துபோயிற்று. 1879-இல் அகழ்ந்தபோது எலும்புகள் கிடைத்தன. அவை புனிதருடையவையே என்று 1884-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார்.

மறுமலர்ச்சி

பாதையை மீட்டவர்களுள் முதலிடம் எலியாஸ் வலின்யாவுக்கு (1929–1989) உரியது. சாரியாவில் பிறந்து, ஓ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தையாக இருந்த இவர், காமினோவின் வரலாற்றையும் சட்ட மரபையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1984-இல் தம் சிறிய காரில் மஞ்சள் பெயிண்ட் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். சாலைக்குக் கோடு போட்டதில் மிஞ்சிய பெயிண்ட் என்பதால்தான் அந்த நிறம். இன்று எல்லா வழிகளிலும் அம்பு மஞ்சளாகவே இருக்கிறது.

சந்தியாகோவின் பழைய நகரை 1985-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1987-இல் ஐரோப்பிய மன்றம் காமினோவை ஐரோப்பாவின் முதல் பண்பாட்டு வழித்தடமாக ஏற்றது. பிரெஞ்சு வழி 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2015-இல் வடபகுதி வழிகளும் சேர்ந்தன. யாத்திரிகர் எண்ணிக்கையை மாற்றியது 1993-ஆம் ஆண்டு. யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு. அது 6, 5, 6, 11 ஆண்டு இடைவெளிகளில் சுழன்று வரும். 1993-இன் புனித ஆண்டுக்கெனக் கலீசிய அரசு வழிநெடுக விடுதிகளைக் கட்டி, பெரிய அளவில் விளம்பரம் செய்தது. 1992-இல் பத்தாயிரத்துக்குள் இருந்த யாத்திரிகர் எண்ணிக்கை அவ்வாண்டு ஒரு லட்சத்தை நெருங்கியது. 2024-இல் அது ஏறத்தாழ 4,99,000. சமயத்தின் மீட்சி என்பதோடு, திட்டமிட்ட சுற்றுலா வளர்ச்சி என்றும் இதைச் சொல்ல வேண்டும். அடுத்த புனித ஆண்டு 2027.

ஓ செப்ரெய்ரோ முதல் சாரியா வரை

ஓ செப்ரெய்ரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், மூடுபனி அடிக்கடி சூழும் ஒரு சிற்றூர். இங்குள்ள பயோசா என்ற வீடுகள் நீள்வட்டக் கருங்கல் சுவரும், தரையை நோக்கித் தாழ்ந்திறங்கும் ரை தானிய வைக்கோல் கூரையும் கொண்டவை. மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் குளிர்காலத்தைக் கழித்த வீடுகள் அவை. ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இங்குள்ள சாந்தா மரியா கோயிலில் ஒரு பழைய பூசைக் கிண்ணம் காட்டப்படுகிறது. பனிப்புயலில் மலையேறிப் பூசைக்கு வந்த ஒரு குடியானவனைப் பார்த்து, துண்டு அப்பத்துக்கும் சொட்டு மதுவுக்குமா இந்தப் பாடு என்று குருவானவர் மனத்துள் இகழ, அப்பம் சதையாகவும் மது இரத்தமாகவும் மாறின என்பது தலபுராணம். வலின்யாவின் மார்பளவுச் சிலை கோயிலுக்கு வெளியே உள்ளது.

இங்கிருந்து பாதை சான் ரோக்கே கணவாயை, காற்றை எதிர்த்துத் தொப்பியைப் பிடித்தபடி நிற்கும் யாத்திரிகர் சிலையருகே கடந்து, 1,335 மீட்டரிலுள்ள போயோ கணவாயில் ஏறி, திரியாகஸ்தெலாவுக்கு இறங்குகிறது. இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். இவ்வூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இடைக்காலத்தில் பெயர்பெற்றது. யாத்திரிகர் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து, எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கஸ்தான்யேதாவின் சூளை வரை சுமந்து செல்வார்களாம். பேராலயத்துக்கான சுண்ணாம்பு அங்கே சுடப்பட்டது. கூலியில்லாமல் கல் போய்ச் சேர்ந்த ஏற்பாடு.

திரியாகஸ்தெலாவில் வழி பிரிகிறது. சான் சில் வழி குறுக்கு. அதில் சாரியா 18 கி.மீ. சாமோஸ் வழி ஏறக்குறைய ஏழு கி.மீ. கூடுதல். நேரம் உள்ளவர்கள் சாமோஸ் வழியாகப் போவதே நல்லது. அங்குள்ள பெனடிக்ட் சபை மடம் 6-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இரண்டாம் அல்ஃபோன்சோ சிறுவயதில் அடைக்கலம் புகுந்த இடம். 1951-இல் மது வடிக்கும் அறையில் பிடித்த தீ மடத்தின் பெரும்பகுதியை அழித்தது. இன்று காண்பதில் கணிசமான பகுதி அதற்குப்பின் கட்டப்பட்டது.

சாரியா முதல் சந்தியாகோ வரை

நடந்து வருவோர் குறைந்தது 100 கி.மீ., சைக்கிளில் வருவோர் 200 கி.மீ. கடந்திருந்தால் பேராலயம் ‘கொம்போஸ்தெலா’ என்ற லத்தீன் சான்றிதழ் வழங்குகிறது. யாத்திரிகர் அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வேண்டும். விடுதி, கோயில், காப்பிக்கடை எங்கும் முத்திரை குத்தித் தருவார்கள். 100 கி.மீ. எல்லைக்குச் சற்று முன்னே, ரயில் வசதியோடு இருக்கும் ஊர் சாரியா. ஆதலால் சந்தியாகோ வந்து சேருவோரில் நால்வரில் ஒருவருக்குக் குறையாமல் இங்கேதான் நடக்கத் தொடங்குகிறார்கள். அதுவரை அமைதியாக வந்தவர்களுக்கு, சாரியாவைத் தாண்டிய காலைப்பொழுது திருவிழாக் கூட்டத்தில் மாட்டியதுபோல் இருக்கும். லியோன் மன்னர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ 1230-இல் சந்தியாகோவுக்குப் போகும் வழியில் இங்கே இறந்தார்.

சாரியாவுக்கு அப்பால் பாதை ஓக், செஸ்ட்நட் மரங்களுக்கு இடையே, கற்சுவர் இருபுறமும் நெருங்கிய பழைய வண்டித்தடங்களில் செல்கிறது. வீடுகளின் முற்றத்தில் ஓர்ரியோ என்ற தானியக் குதிர்கள் நிற்கும். கால்களின் மேல் நீண்ட பெட்டி, ஒவ்வொரு கால் உச்சியிலும் எலி ஏறாதபடி தட்டையான அகலக் கல், பக்கச் சுவரில் மக்காச்சோளம் காயக் காற்றோட்ட இடுக்குகள், கூரைமேல் சிலுவை. வழிநெடுக, காமினோவின் அடையாளமான சிப்பிச் சின்னமும் மூன்று தசம இலக்கம் வரை துல்லியமான தூரமும் தாங்கிய கற்கள் நிற்கின்றன. தூரம் பொறித்த தகடுகளை நினைவுப்பொருளாகப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆகவே பல கற்கள் மொட்டையாகவே நிற்கின்றன.

போர்ட்டோமரின் ஊரின் கதை தனி. மின்யோ ஆற்றில் பெலேசார் அணை 1963-இல் முடிந்தபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. கோட்டைபோல் உயர்ந்து நிற்கும் சான் நிகோலாஸ் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் கட்டிய புதிய ஊரின் நடுவே திரும்பக் கட்டினார்கள். கற்களுக்கு இட்ட எண்கள் சுவரில் இன்னும் தெரிகின்றன. நீர்மட்டம் தாழும்போது பழைய ஊரின் அடித்தளங்களும் பழைய பாலமும் வெளியே வரும்.

பாலாஸ் தே ரெய் கடந்து, ஃபுரேலோஸின் நான்கு வளைவு இடைக்காலப் பாலத்தைத் தாண்டினால் மெலிதே. ஒவியேதோவிலிருந்து வரும் பழமையான வழி இங்கே பிரெஞ்சு வழியோடு சேர்கிறது. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கலீசியாவிலேயே மிகப் பழமையானதாகக் கருதப்படும் கற்சிலுவை இவ்வூரில் உள்ளது. எனினும் பெரும்பாலோர் நின்று போவது ஆக்டோபசுக்காக. செம்புக் கொப்பரையில் கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுத்து, பிறகு வேகவைத்து, கத்தரியால் வட்டத் துண்டுகளாக வெட்டி, மரத்தட்டில் போட்டு, கல்லுப்பும் மிளகாய்த்தூள் வகையான பிமென்தோனும் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். கடலே தெரியாத உள்நாட்டு ஊரில் இது சிறப்புணவானதற்குக் காரணம், ஆக்டோபசைக் காயவைத்துச் சந்தைகளுக்குக் கொண்டுவந்த பழக்கம். கால்தோ கலேகோ என்ற கீரை–உருளைக்கிழங்கு–வெள்ளைமொச்சை ரசத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதைச் சைவ உணவினர் கவனிக்க வேண்டும்.

ரிபாதிசோவில் இசோ ஆற்றுப் பாலத்தை ஒட்டிய இடைக்கால யாத்திரிகர் மருத்துவமனை இன்று விடுதி. அடுத்த ஊரான அர்சூவா பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து ஓ பெத்ரோசோ வரை பாதை பெரும்பாலும் தைலமரத் தோப்புகளுக்குள் போகிறது. காகிதக்கூழுக்காக வளர்க்கப்படும் இந்த ஆஸ்திரேலிய மரம் பழைய ஓக் காடுகளின் இடத்தைப் பிடித்தது கலீசியாவில் நெடுநாள் சர்ச்சை. நிழலும் வாசனையும் உண்டு. ஆனால் காட்சிக்கு இதுவே வழியின் வறண்ட பகுதி.

நகரை நெருங்கும்போது பாதை விமான நிலைய ஓடுதளத்தின் முனையைச் சுற்றிச் செல்கிறது. அருகிலுள்ள லாவகோயாவின் ஓடையில்தான் அக்கால யாத்திரிகர் உடம்பைக் கழுவிக்கொண்டு நகருக்குள் போனார்கள். கடைசிக் குன்று மோன்ட்டே தோ கோசோ. பேராலயக் கோபுரங்கள் முதன்முதலில் கண்ணில் படுவது இங்கேதான். 1989-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலக இளையோர் நாளை இக்குன்றில் நடத்தினார்.

பேராலயமும் நகரமும்

பாதை ஒப்ராதோய்ரோ சதுக்கத்தில் முடிகிறது. சதுக்கத்தை நோக்கிய பேராலய முகப்பு 18-ஆம் நூற்றாண்டின் பரோக் வேலை. அதன் உள்ளே மறைந்திருக்கும் ‘மகிமை வாயில்’ அதைவிடச் சிறந்தது. கட்டடக் கலைஞர் மத்தேயோவின் பணியான அதன் விட்டக் கற்கள் 1188-இல் ஏற்றப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். வளைவில் இசைக்கருவிகளோடு அமர்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும் இருபத்துநான்கு மூப்பர்கள். 2018-இல் முடிந்த சீரமைப்பில் பழைய வண்ணங்கள் வெளிப்பட்டன. யாத்திரிகர் கைவைத்து வைத்துக் குழிந்துபோன நடுத்தூணைத் தொட இப்போது அனுமதியில்லை.

போத்தாஃபுமெய்ரோ என்ற பெருந்தூபக்கலசம் 53 கிலோ எடையும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்டது. எட்டுப் பேர் கயிற்றை இழுத்து ஆட்ட, குறுக்கு மண்டபத்தின் கூரை வரை எழும்பி வீசும். பழைய வெள்ளிக் கலசத்தை 1809-இல் நெப்போலியனின் படை கொண்டுபோயிற்று. இப்போதுள்ளது 1851-இல் செய்த, வெள்ளி முலாம் பூசிய பித்தளை. குறிப்பிட்ட திருநாள்களிலும், முன்கூட்டிப் பணம் கட்டிக் கேட்போருக்காகவும் மட்டுமே இதை ஆட்டுவர். சதுக்கத்தின் வடபுறத்தில் ஃபெர்தினாந்து–இசபெல் அரச தம்பதியர் கட்டிய யாத்திரிகர் மருத்துவமனை இன்று உயர்தர விடுதி.

பயணக் குறிப்புகள்

மே, ஜூன், செப்டம்பர் ஏற்ற மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் சாரியாவுக்கு அப்பால் படுக்கை கிடைப்பது கடினம். அரசு விடுதிகளில் முன்பதிவு இல்லை. முதலில் வருபவருக்கே இடம். தனியார் விடுதிகளில் முன்பதிவு செய்யலாம். மூட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோருக்கும் சான்றிதழ் மறுக்கப்படுவதில்லை. முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விடுவதில்லை. ஆண்டுக்கு 1,500 மி.மீ.-க்கு மேல் மழை பெய்யும் பகுதி என்பதால் கோடையிலும் மழைச்சட்டை தேவை. சந்தியாகோவிலிருந்து மேற்கே அட்லாண்டிக் கரையின் ஃபினிஸ்தெர்ரே முனைக்கு மேலும் 90 கி.மீ. நடப்போருக்கு அங்குள்ள நகராட்சி தனிச் சான்றிதழ் தருகிறது.