அரியாங்குப்பம் கடற்கரையில் தூண்டில் மீன்பிடிப்பு: கடற்பாலங்களின் வரலாறும் சிறுவர்களின் முதல் தூண்டிலும்

அரியாங்குப்பம், புதுச்சேரி நகரின் தெற்கு எல்லையில், கடலூர்ச் சாலையில் ஆற்றுப்பாலத்தைக் கடந்ததும் வரும் ஊர். செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பம் ஆறு. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த வீராம்பட்டினம் இப்பகுதியின் பெரிய மீனவர் ஊர்களுள் ஒன்று.

இங்குள்ள கடற்கரை நேரான மணற்கரை. கடலுக்குள் நீளும் பாறை முனையோ இயற்கைத் துறைமுகமோ கிடையாது. கரையில் நிற்பவரின் தூண்டில் ஆழமான நீரை எட்ட வேண்டுமானால், கடலுக்குள் நீண்டிருக்கும் ஏதேனும் ஒரு கட்டுமானத்தின் மேல் அவர் ஏறி நிற்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டுமானங்கள் எல்லாமே இங்குச் சரக்குக்காகவும் படகுகளுக்காகவும் எழுந்தவை; பொழுதுபோக்குக்காக ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. ஆகவே, பிள்ளைகளை முதன்முதலாகக் கடல் தூண்டிலுக்கு அழைத்துச் செல்வோர் மீனைப் பற்றி அறிவதற்கு முன் இக்கட்டுமானங்களின் வரலாற்றை அறிவது நல்லது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

பழைய தூண்டில்

தூண்டில் தமிழர்க்குப் பழைய கருவி. குறுந்தொகையின் 54ஆம் பாடலில், காவலரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை தான் வளைத்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. அது விசையுடன் நிமிர்வது, மீன் பிடிப்பவர் தூக்கும் தூண்டிலுக்கு உவமிக்கப்படுகிறது. இந்த உவமையால் அப்பாடலின் புலவருக்கு மீனெறிதூண்டிலார் என்ற பெயரே அமைந்துவிட்டது. வளைந்து நிமிரும் கழியால் மீனைத் தூக்கும் முறை சங்க காலத்தவர்க்கு நன்கு பழகியது என்பதை இது காட்டுகிறது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு அதே காலப்பகுதியைச் சேர்ந்த வணிகத் தலம். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு செய்தார். பின்னர் கசால், விமலா பெக்லி ஆகியோரின் அகழாய்வுகள் நடந்தன. மத்தியதரைக் கடல் நாடுகளின் மது, எண்ணெய்ச் சாடிகளோடு, அந்நாட்டவர் விரும்பி உண்ட மீன்சாற்றுச் சாடிகளின் உடைசல்களும் இங்குக் கிடைத்தன. மீனுக்குக் குறைவில்லாத கரையில் வெளிநாட்டு மீன்சாறும் வந்து இறங்கியிருக்கிறது. அக்காலத்து வணிகத்துக்கு ஆற்றுமுகமே துறையாக இருந்தது. கடலுக்குள் பாலம் தேவைப்படவில்லை.

சலங்கிலிருந்து கடற்பாலத்துக்கு

1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிலைபெற்ற பிறகு கப்பல்கள் பெரிதாயின. அவை கரையை நெருங்க முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. கரையோர அலைமடிப்பைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை சலங்குகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போருக்கு இந்தப் படகு புதியதல்ல. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் இவ்வகைப் படகு, அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். மீனவர்கள் கட்டுமரத்தில் சென்றனர். கரையிலிருந்து கடலுக்குள் செல்ல அதுவரை இவையே வழி.

1866இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு கடற்பாலம் கட்டி முடிக்கப்பட்டது. இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலை நிற்கும் பகுதியிலிருந்து அது கடலுக்குள் நீண்டது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மேற்குக் கடற்பாலம் திறக்கப்பட்டது. பிரைட்டன் பாலம் விடுமுறைக்கு வருவோர் காற்று வாங்க உலாவுவதற்கென்றே கட்டப்பட்டது. இங்கிலாந்தில் குடும்பத்தோடு கடற்பாலத்தில் தூண்டில் போடும் வழக்கம் வளர இத்தகைய பாலங்கள் இடம் கொடுத்தன. புதுச்சேரிப் பாலத்தின் வேலை வேறு. 1879இல் விழுப்புரத்திலிருந்து இரயில் பாதை வந்து சேர்ந்த பிறகு, நிலக்கடலை உள்ளிட்ட சரக்குகள் பிரான்சுக்குச் செல்லும் துறையாகப் புதுச்சேரி விளங்கியது.

அந்தப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபின், சற்றுத் தெற்கே வம்பாகீரப்பாளையம் கரையில் புதிய பாலம் எழுந்து, 1962இல் பயன்பாட்டுக்கு வந்தது. சரக்குப் போக்குவரத்து நின்ற பிறகும் அது நகரின் அடையாளமாக நின்றது. 2022 மார்ச் மாதம், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிலவிய நாட்களில், அதன் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. உப்புக்காற்றும் அலையும் தூண்களைத் தின்றிருப்பது மேலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. பழைய கடற்பாலத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பதற்கு இந்த நிகழ்ச்சியைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அலைத்தடுப்புச் சுவர்களும் மணலும்

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் அலைத்தடுப்புச் சுவர்கள் அமைக்கப்பட்டன. ஆற்றின் உள்ளே தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் இயங்குகிறது. இச்சுவர்கள் படகுகளுக்கு வழி திறந்தன. ஆனால் மணலின் வழியை மறித்தன.

இக்கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது எதிர்த்திசையில் நகரும். ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கிய நகர்வே அதிகம். சுவர்கள் அந்த மணலைத் தடுத்ததால், தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்தது. நகரைக் காக்கக் கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஓர் இரும்பு அமைப்பு இறக்கப்பட்டது. அதன்பின் காந்தி சிலைக்கு அருகே மணல் மீண்டும் சேரத் தொடங்கியது.

பாறைகளின் இடுக்குகளில் பாசியும் சிற்றுயிர்களும் வளர்வதால் அங்கே மீன் கூடும்; தூண்டிற்காரரும் கூடுவர். ஆனால் அதே பாறைகள் வழுக்கும். இடுக்கில் கால் சிக்கும். எதிர்பாராமல் எழும் ஓர் உயர்ந்த அலை ஆளை இழுத்துவிடும். மேலும் அது துறைமுகப் பகுதி. படகுகள் போய்வரும் வழி. முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கும் சிறுவர்க்கு அது ஏற்ற இடமன்று.

முதல் பயணத்துக்கு ஆயத்தம்

தூண்டிலுக்கென ஒதுக்கப்பட்ட கடற்பாலம் உள்ள ஊர்களில் இடத்தைப் பற்றிய கவலை குறைவு. சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள பெடோக் படகுத்துறை அதற்கு எடுத்துக்காட்டு. 1960களில் சரக்குக்காகக் கட்டப்பட்ட அத்துறை, பின்னர் பொதுமக்கள் தூண்டில் போடும் இடமாக மாறியது. புதுச்சேரியில் அப்படி ஒரு மாற்றம் நிகழவில்லை. எனவே இங்கு இடத்தைத் தேர்வதே ஆயத்தத்தின் முதற்படி.

அரியாங்குப்பம் ஆற்றின் உப்பங்கழிக் கரையும் சுண்ணாம்பாற்றுக் கரையும் சிறுவர்க்குப் பொருத்தமானவை. அங்குள்ளது கடல் ஏற்றத்தோடு உள்ளே வரும் உவர்நீர், அலை கிடையாது. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே மடவையும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. எனினும் ஆற்றின் நடுவே நீரோட்டம் வலியது. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க அது கூடும். கரையை விட்டு நீருக்குள் இறங்கக்கூடாது.

அடுத்தது நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும் காலம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் புதுச்சேரியையும் கடலூரையும் கடுமையாகத் தாக்கியது. துறைமுகத்தில் எந்த எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தாலும் அன்று கடலோரம் போகக்கூடாது. கூண்டு ஏற்றப்படாத நாளிலும் தொலைதூரக் கடலில் எழுந்த அலை கரைக்கு வந்து சேரலாம். இதற்கான உயர் அலை எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. இந்நாட்கள் பள்ளிக் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகின்றன. வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் விடியற்காலையும் மாலையுமே சிறுவர்க்கு உகந்தவை.

கருவி எளிதாக இருப்பது நல்லது. குட்டையான கம்பு, அல்லது கட்டையில் நரம்பு சுற்றிய கைத்தூண்டில், சிறிய முள், ஈயக்குண்டு, தக்கை, இரையாக இறால் துண்டு ஆகியவை போதும். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் அழுத்திவிட்டால், விரலில் குத்தினாலும் எளிதில் எடுக்கலாம். பிடித்த மீனையும் காயமின்றி விடலாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே உண்ண வேண்டும். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கத்தை வீட்டு முற்றத்திலேயே, முள் கட்டாத நரம்பால் பழக்கலாம். உயிர்காப்பு மேலுடை, வழுக்காத காலணி, தொப்பி, குடிநீர் ஆகியவற்றோடு, ஒவ்வொரு சிறுவருக்கும் ஒரு பெரியவர் உடனிருப்பது அவசியம்.

மீன்களில் கிழங்கான், ஊடான் போன்றவை சிறுவர் கையாளத் தக்கவை. கெளுத்தி, ஓரா ஆகியவற்றின் முட்களும் திருக்கையின் வால்முள்ளும் நஞ்சுடையவை. குத்திய இடத்தைப் பொறுக்கும் அளவு சூடான நீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேத்தை மீனை உண்ணவே கூடாது. குஞ்சு மீன்களை உடனே நீரில் விடுவது முறை. அவசரத்தில் ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்களை அழைக்கலாம்.

இவற்றில் பலவற்றை வீராம்பட்டினத்து மூத்த மீனவர் ஒருவரிடம் கேட்டால், காற்றையும் நீர் நிறத்தையும் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் இன்று வேண்டாம் என்று சொன்னால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு திரும்பிவிடுவதே நல்லது.